போய்ச் சேர்ந்தார்

என் கணவர் செய்தி எழுதிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்தால், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டு முடித்துவிடுவார். எழுபத்து மூன்று, எழுபத்து நான்காம் வருஷங்களில் அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவே இருந்தது. தட்டில் பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்குதான் இருந்தது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த நீளமான அறையில்தான் எங்கள் வாரப் பத்திரிகை அச்சாகியது. காலால் மிதிக்கும் ஒரு பழைய அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள் அடுக்கிய மரப்பெட்டிகள், பேப்பர் கட்டுகள், ஒரு மேசை, ஒழுகும் தகரக் கூரை. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், விளம்பரம் சேர்ப்பவர் எல்லாம் என் கணவர் ஒருவரே. எழுத்துக் கோக்க ஒரு வயதான கத்தோலிக்கர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் முகவரி எழுதிக் கட்டுக் கட்டுவேன். டீச்சர் வேலை பார்ப்பவள் பேப்பர் கட்டலாமா என்று என் அம்மா கேட்டாள். கட்டாவிட்டால் என் புருஷனை நான் பார்க்கவே முடியாது என்று சொன்னேன்.

அவர் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்தவர். நுவரெலியாவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் ஒரு பெரிய பத்திரிகையில் பிழை திருத்தும் வேலைக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் அவரை நல்லவிதமாகத்தான் நடத்தினார்கள். ஆனால் மலைநாட்டிலிருந்து ஏதாவது செய்தி வந்தால், "உங்கட ஆக்கள்ற விஷயம் வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் மேசையில் போடுவார்களாம். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயமே புதைந்துபோன செய்தியை அவர் அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் அது மூன்று வரியாக, ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே வந்திருந்தது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார். இந்தக் கதையை அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னபோது, எனக்கு அவர் மேல் ஆசையும் வந்தது, இந்த மனிதனோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்ற புத்தியும் வந்தது. ஆசைதான் ஜெயித்தது.

அவருக்கு எழுத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. தோட்டத்தில் பத்திரிகையை யாரும் கண்ணால் படிப்பதில்லை, காதால்தான் படிக்கிறார்கள் என்பார். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் பேன் பார்த்துக்கொண்டும் விறகு பிளந்துகொண்டும் கேட்பார்கள். அதனால் வாயில் சுலபமாக வரும் வார்த்தைதான் பத்திரிகையில் வரவேண்டும். நான் எழுதிய பள்ளிக்கூட விழாச் செய்தி ஒன்றில் 'இனிதே நடைபெற்றது' என்று இருந்ததை அடித்து, 'நல்லபடியாக நடந்தது' என்று மாற்றினார். எனக்கு அவர் பழக்கமானதே அந்தச் சண்டையில்தான்.

அப்போது எங்கள் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் பேசி, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டதன் விளைவு. ஹட்டன் ஸ்டேஷனிலும் நானுஓயா ஸ்டேஷனிலும் ரயிலைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஜனத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மரத்துப்போய்விட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்கள் அந்தப் பக்கம் என்ன ஆனார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. தோட்டத்துக்கு வரும் கடிதம் முதலில் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எப்போது வெளியே வரும் என்பது கிளாக்கர் ஐயாவின் மனதைப் பொறுத்தது. அதனால் இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாமிலிருந்து ஒருவர், வந்து இறங்கியவர்கள் பெயரையெல்லாம் சேர்த்து எங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவார். அதை 'அக்கரைச் செய்தி' என்று இரண்டாம் பக்கத்தில் போடுவோம்.

இன்ன தோட்டத்து இன்னார் இந்தியா சென்றடைந்தார் என்று போடுங்கள் என்றேன் நான். 'சென்றடைந்தார்' என்று எந்த லயத்தில் பேசுகிறார்கள் என்று கேட்டார் அவர். "சுகமாகப் போய்ச் சேர்ந்தார்" என்று போட்டார்.

"செத்துப்போனவங்களத்தான் அப்படிச் சொல்லுவாங்க" என்றேன்.

"அக்கரைச் செய்தின்னு மேல கொட்டை எழுத்துல இருக்கு. யாருக்கும் விளங்கும், டீச்சர்" என்றார்.

கோபம் வந்தால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதுபோல எல்லோருக்கும் விளங்கியது. நீண்ட நாள் ஒரு குழப்பமும் இல்லாமல் அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. நான் சொன்னது கடைசியில் சரியாகப் போனது பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷமும் கிடையாது.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். நாற்பது வயதிருக்கும். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஒரே மகள், இந்த நாட்டுப் பிரஜையைக் கட்டியவள், அதனால் அவள் இங்கேயே இருக்க வேண்டியவள். புறப்படும் சமயத்தில் மகள் நிறைமாதம். பிரசவம் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று இவள் தங்கிவிட, புருஷன் தன் வயதான தாயைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனான். தங்குவதற்கு இவளுக்குக் கொஞ்ச கால அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அவள் கப்பல் ஏறியாக வேண்டும்.

குழந்தை பிறந்தது. அது அரிசியும் மாவும் இல்லாத காலம். வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள், பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுக்கும் மாவையும் குறைத்துவிட்டார்கள். தோட்டத்தில் கீரை என்று பெயர் வைக்கக்கூடிய எதையும் ஜனங்கள் விட்டுவைக்கவில்லை. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு சீனியும் இல்லை. குழந்தை இறந்துபோனது.

என் கணவர் பஸ் ஏறிப் போய், லயத்தில் எல்லோரையும் விசாரித்து, வந்து எழுதினார். 'பட்டினியால் குழந்தை மரணம்' என்று முதல் பக்கத்தில் தலைப்பு. எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். ஆனால் பட்டினி என்ற வார்த்தையை அதுவரை ஒருவரும் அச்சில் போடவில்லை. அவசரகாலச் சட்டம் இருந்தது. யாரை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பிடித்துப் போடலாம்.

அடுத்த இதழ் அச்சுக்குப் போகிற அன்றைக்குக் காலையில் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, பெரிய ஐயா வரச் சொன்னார் என்றார். என் கணவர் பகல் முழுவதும் பொலிஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பின்னேரம் உள்ளே கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்களாம். தோட்டத்து மருந்து ஐயாவின் சான்றிதழ்படி குழந்தை வயிற்றோட்டத்தால் இறந்தது, தவறான செய்தி வெளியிட்டதற்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது. போடாவிட்டால் "பத்தரே வஹனவா" என்று பெரிய ஐயா சிங்களத்தில் சொன்னார். பத்திரிகையை மூடிவிடுவோம் என்று அர்த்தம். சாதாரணமாக, கடையை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்று கேட்பதுபோலச் சொன்னாராம்.

அவர் அதைக் கொண்டுவந்து கட்டம் கட்டிப் போடச் சொன்னார். அப்போது காகிதத் தட்டுப்பாட்டில் நாலே பக்கம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கங்கள் முன்பே கோத்து முடிந்திருந்தன. மறுப்புக்கு இடம் வேண்டுமே. இரண்டாம் பக்கத்தில் அக்கரைச் செய்தியைத் தலைப்போடு எடுத்துவிட்டு, எழுத்துக் கோப்பவர் அந்தக் கட்டத்தை அங்கே வைத்தார். அந்த வாரம் அக்கரைச் செய்தியில் ஒரே ஒருவர் பற்றித்தான் இருந்தது. ஊரில் காத்திருப்பார்களே என்று இரக்கப்பட்டு, அந்தச் சின்னத் துண்டை மட்டும் கடைசிப் பக்கத்தில் கண்ட ஒரு இடைவெளியில் சொருகினார். கடைசிப் பக்கம் மரண அறிவித்தல் பக்கம்.

'அக்கரப்பத்தனை' என்று தொடங்கி, தோட்டத்தின் பெயரும் அந்த மனிதனின் பெயரும் போட்டு, 'சென்ற மாதம் சுகமாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டாருக்கு இதன் மூலம் அறியத் தருகிறோம்' என்று இருந்தது. மேலே ஒரு மரணம், கீழே ஒரு மரணம்.

என் கணவர் அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் பத்திரமாகப் போய் இறங்கியது அவருக்குத் தெரியும். தெரிந்த செய்தியைத்தான் அவர் அதில் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்து வந்த மனிதனுக்கு அன்றைக்கு வேறெதுவும் கண்ணில் பட்டிருக்காது.

பத்திரிகை போனது. வாரங்கள் போயின. ஒரு நாள் பின்னேரம் நான் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, மழையில் நனைந்த ஒரு இளைஞன் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அந்தப் பெண்ணின் மருமகன்.

"ஐயா, ஒரு நன்றி அறிவித்தல் போடணுங்க" என்றான். "எங்க மாமாவோட கருமாதிக்கு வந்த சனத்துக்கு."

"யாரப்பா மாமா?"

சொன்னான். என் கணவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரு இந்தியாவுக்கில்ல போயிருக்காரு?"

"ஆமாங்க. அங்க போயி தவறிட்டாரு. நீங்கதானே ஐயா பேப்பர்ல போட்டீங்க. வாசிச்சுக் காட்டுனாங்க. சுகமா போய்ச் சேந்துட்டாருன்னு கேட்டதும் அத்தைக்கு ஒரே ஆறுதல் அதுதாங்க, நோவு நொடி இல்லாம போனாரேன்னு."

என் கணவர் எழுந்து பழைய இதழை எடுத்து விரித்தார். பார்த்தார். பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, ஒங்க மாமா சாகலப்பா. உசுரோட இருக்காரு. கப்பல் விட்டு எறங்கிட்டாருன்னுதான் போட்டது."

அந்தப் பையன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவன் பயந்துபோனான்.

"ஐயா, தாலிய எடுத்தாச்சுங்களே" என்றான்.

அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். அதே இரண்டாம் பக்கம், அதே மாதிரிக் கட்டம். 'இன்னார் உயிருடன் நலமாக இருக்கிறார். தவறான செய்திக்கு வருந்துகிறோம்.' மருமகனும் போய் நேரில் சொன்னான். மண்டபத்திலிருந்து நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்த அந்தப் புருஷனுக்கு, மனைவிக்கு உடனே கடிதம் போடச் சொல்லி என் கணவர் எழுதினார். கடிதங்களும் வந்தன. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் பட்டினியில் செத்த குழந்தையை, வயிற்றோட்டத்தில் செத்தது என்று அந்தப் பத்திரிகை கட்டம் கட்டிப் போட்டது. அடுத்த மாதம் அதே கட்டத்தில், அதே 'வருந்துகிறோம்' போட்டு, செத்தவன் பிழைத்துவிட்டான் என்கிறது. பொலிஸ் சொன்னால் இவர்கள் எதையும் போடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவளைக் கப்பலில் ஏற்றி அனுப்பத் தோட்டத்து ஆபீஸ் துடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டப்பட்டவர்களை ஏமாற்றி ரயிலேற்றிய கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. புருஷனுக்கு எழுதத் தெரியாது. யாராவது எழுதிக் கொடுத்தார்கள், அதனால் ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு கையெழுத்தில் வந்தது. எல்லாம் ஆபீசில் வைத்து எழுதியது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"நானே போறேன். நேர்ல சொன்னா நம்புவாங்க" என்றார் என் கணவர். நானும் வருகிறேன் என்றேன். பெண்ணிடம் பெண் பேசினால் எடுபடும் என்ற எண்ணம் எனக்கு.

தலவாக்கலையில் பஸ் மாறி, லிந்துலை தாண்டிப் போய், தேயிலை மலைக்குள் நடந்து ஏறினோம். பனி மூட்டம். லயத்து வாசலில் எங்களுக்கு உட்காரப் பலகை போட்டார்கள். குடிக்கச் சாயத் தண்ணீர் கொடுத்தார்கள், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணீர். அவள் உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளைச் சேலை என்று சொல்ல முடியாது, சாயம் போன ஏதோ ஒன்று. கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. மகள் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையின் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் எலும்பும் தோலுமான கையைப் பார்த்து நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் முழுவதையும் சொன்னார். இடம் போதாமல் துண்டை இடம் மாற்றிப் போட்டது, போய்ச் சேர்ந்தார் என்றால் இந்தியா போய்ச் சேர்ந்தார் என்பது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் ஜனம் கூடிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஒரு பக்கம் நின்றார். கொஞ்சம் தள்ளி, மழைக்கு ஒதுங்கியவர்போல, ஆபீசுக்குச் செய்தி கொண்டுபோகும் கணக்கப்பிள்ளை ஒருவர் நின்றார்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "எம் மக புள்ள எதுல செத்துச்சு?"

என் கணவர் கையிலிருந்த தேத்தண்ணீரைப் பார்த்தார்.

"வயித்தோட்டம்னு போட்டிருந்தீங்களே. அந்த வயித்துல ஓடுறதுக்கு என்னங்கய்யா இருந்துச்சு?"

என் கணவர் கணக்கப்பிள்ளை நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பட்டினியிலதாம்மா" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இதத்தான் நானும் சொல்றேன். அத பேப்பர்ல போடுங்க. அது பொய்யி, பொலிசு சொல்லிப் போட்டோம்னு போடுங்க. அது வந்துச்சுன்னா இதையும் நம்புறேன். மறுநாளே பொட்டியக் கட்டுறேன்."

நான் அவள் கையைப் பிடித்து, "அவரு நிஜமாவே உசுரோட இருக்காரும்மா, என்னைய நம்புங்க" என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் என் கழுத்தில் இருந்த தாலிக்கொடியைப் பார்த்தாள். "டீச்சரம்மா, அவரு உசுரோட இருக்கையில நான் தாலிய எறக்கியிருந்தா நான் என்ன பொம்பள?" என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் அவளுக்கு நல்ல செய்தி கொண்டுபோகவில்லை. புருஷன் செத்தான் என்பது துக்கம். அவன் இருக்கும்போதே அவனுக்குக் கருமாதி செய்தாள் என்பது பாவம். அந்தப் பாவத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குச் சந்தேகமில்லாத சாட்சி வேண்டும். நாங்களோ பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சாட்சிகள்.

திரும்பும் பஸ்ஸில் போடப் போகிறீர்களா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கோக்கச் சொல்றேன்" என்றார்.

கோத்தார்கள். நன்றாக எழுதிய செய்தி அது. அவர் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை எப்படிச் செத்தது, பொலிஸ் நிலையத்தில் என்ன நடந்தது, மறுப்பு எப்படி வந்தது, அந்த மறுப்புக்காக இடம் மாறிய துண்டு என்ன செய்தது என்று வரிசையாக, லயத்து வாசலில் வாசிக்கத் தோதாக எழுதியிருந்தார். எழுத்துக் கோத்த தட்டு மேசை ஓரத்தில் தயாராக இருந்தது. அந்த வாரம் போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது. "பத்திரிகைய மூடிட்டா, அடுத்த புள்ள செத்தா யாரு எழுதுவா?" என்றார். "செத்த புள்ளையப் பத்தி எழுதினதையே நீங்க மறுத்துட்டீங்களே" என்றேன். என் சம்பளம் இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டோம், போடுங்கள் என்றேன். ஜெயிலுக்குப் போனால் வருவீர்கள், கப்பல் போனால் வராது என்றேன். அவர் கடைக்கு வெளியே போய் நின்றார். அவர் கோழை இல்லை. கொழும்பு வேலையை ஒரு சோப்பு விளம்பரத்துக்காக உதறியவர். ஆனால் அப்போது அவரிடம் இழக்க ஒன்றும் இல்லை. இப்போது பத்திரிகை இருந்தது. தன் ஜனங்களுக்கென்று அவர் உண்டாக்கிய ஒரே பொருள் அது. அதைக் காப்பாற்றத்தான் அவர் அதைப் பயனில்லாததாக்கினார். இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் ஈய எழுத்து போதாது. தேய்ந்ததும் உடைந்ததுமாக ஒவ்வொரு வாரமும் தட்டுப்பாடு. 'ட்' இல்லை, 'னி' இல்லை என்று எழுத்துக் கோப்பவர் தேடுவார். பிறகு அந்தத் தட்டைப் பார்ப்பார், என் கணவரைப் பார்ப்பார். என் கணவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். அவர் ஒரு எழுத்தை உருவிக்கொள்வார், ஒரு கல்யாண வாழ்த்துக்கு. அடுத்த வாரம் இரண்டு, ஒரு கோயில் திருவிழாவுக்கு. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் செய்தி பல்லுப் போன வாய்போல ஆகி, ஒரு நாள் தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் அவகாசம் முடிந்தது. கப்பல் போனது. தோட்டத்தில் அவள் பெயர் வெட்டப்பட்டுவிட்டதால் வேலையும் இல்லை. மகளின் காம்பராவில் ஒடுங்கிக் கிடந்தாள். பொலிஸ் ஜீப் வந்தால் மலைக்குள் போய் ஒளிந்துகொள்வாளாம். நீலகிரியிலிருந்து அவள் புருஷன் யாரையாவது பிடித்து எங்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதவைத்துக்கொண்டே இருந்தான். எம் பொஞ்சாதிய எப்ப அனுப்புறீங்க ஐயா, வீடு குடுத்திட்டாங்க, ஆத்தா செத்துப்போச்சு, சமைக்க ஆளில்ல. உனக்குக் கருமாதி செய்துவிட்டார்கள் என்று எப்படி எழுதுவது? உடம்பு சரியில்லை, தேறியதும் வருவாள் என்று என் கணவர் பதில் எழுதுவார்.

பத்திரிகை பிழைத்தது. ஆட்சி மாறியது, அரிசி வந்தது, அவசரகாலச் சட்டம் போய் மறுபடி வந்தது. எங்கள் கடைசிப் பக்கம் பெருத்தது, முதல் பக்கம் இளைத்தது. கல்யாணம், பூப்பு நீராட்டு, மரணம், முப்பத்தோராம் நாள் நினைவு. செய்தி இருந்தால் ஜனங்கள், "பேப்பர்ல போட்டிருக்கான், உண்மையான்னு விசாரி" என்றார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நுவரெலியாப் பக்கம் தமிழர் கடைகள் எரிந்த புகையை மலையில் நின்று பார்த்தோம். இரும்புக் கடை முதலாளி எங்கள் போர்டைக் கழற்றித் தன் கோணிகளுக்கடியில் மறைத்துவைத்து, அறையைக் காப்பாற்றிக் கொடுத்தார். அடுத்த இதழில் அந்தத் தீயைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கணவர் தலையங்கத்துக்கு மழையைப் பற்றி எழுதினார். அதற்கப்புறம் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது.

அது நின்று சில வருஷம் கழித்து நீலகிரியிலிருந்து வேறு ஒருவர் பெயரில் கடிதம் வந்தது. அந்த மனிதன் இறந்துவிட்டான். மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் வைத்துப் போய்விட்டானாம். பக்கத்து வீட்டுக்காரர்களே எடுத்து அடக்கம் செய்தார்களாம்.

"இத நாம சொல்லணுமா?" என்று கேட்டேன். அவளைப் பொறுத்தவரை அவன் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏற்கெனவே ஆறிப்போன புண். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருக்கு அப்போது நெஞ்சுவலி வந்துபோயிருந்தது. மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கூடப் போனேன்.

அதே லயம். அவள் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களை அடையாளம் கண்டு எழுந்தாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோபமெல்லாம் அவளிடம் தீர்ந்துபோயிருந்தது.

என் கணவருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்டுக்காரரு தவறிட்டாரும்மா. போன மாசம்" என்றார்.

அவள் சிரிப்பாள், அல்லது கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கப்பல் ஓடவில்லை. ரயிலேற்றி அனுப்ப யாரும் காத்திருக்கவில்லை. அவள் காம்பராவை யாரும் கேட்கவில்லை. இப்போது அவளை ஏமாற்றுவதால் உலகத்தில் ஒருவருக்கும் ஒரு லாபமும் இல்லை. வியாதிக்கார மனிதன் ஒருவன் மலை ஏறி வந்து ஒரு சாவைச் சொல்கிறான். அது அவளுக்குப் புரிந்தது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப..." என்றாள். "அப்ப இத்தன வருசமும் அவரு உசுரோடதான் இருந்தாராய்யா?"

"ஆமாம்மா" என்றார் என் கணவர்.

அவள் உடனே நம்பினாள்.